பதிவு எண் 318

குளிர்காலத்தில் செவ்வாயும் சனியும் மட்டும் திறக்கிறோம்.
கட்டணம் நான்கு யூரோ. சாவி என்னிடம்.
ஹீட்டர் சூடேற ஒரு மணி நேரம் ஆகும்,
அதுவரை கோட்டைக் கழற்றாதீர்கள்.

வாசலில் சாய்ந்து நிற்பது
தரையிறங்கு படகொன்றின் இரும்புக் கதவு.
நாற்பத்து நான்கு, நவம்பர்.
ஸேலாந்து அணையின் உடைப்பு வழியே
பிரிட்டிஷ் பையன்களை உள்ளே கொண்டுவந்தது.
அணையை உடைத்ததும் அவர்கள் விமானங்கள்தான்,
நாலு வாரம் முன்னால்.
கடல் முதலில் வந்தது. விடுதலை பின்னால் வந்தது.
இதை எந்தப் பலகையில் எழுதுவதென்று
நிர்வாகக் குழு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிடித்தது பீரங்கிக் குண்டு.
எனக்கு, மூன்றாம் அலமாரியில் ஒரு ஜாடி மண்.
ஒரு வருஷம் அலை உழுத வயலிலிருந்து
கிரைன் விஸ்ஸே அள்ளி வைத்தது.
மழை நாளில் இப்போதும்
கண்ணாடியின் உள்பக்கம் வியர்க்கிறது.

போன மாதம் லீட்ஸிலிருந்து ஒரு பொட்டலம்.
வெள்ளிக் கரண்டி. பிடியில் இரண்டு எழுத்து.
மகள் எழுதியிருந்தாள்:
உங்கள் ஊரில், இடுப்பளவு தண்ணீர் நின்ற
ஒரு சமையலறையில் அப்பா எடுத்தது.
ஏன் என்று சொன்னதில்லை.
கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்,
இழுப்பறையில் திரும்ப வைப்பார்.

ஊர் சின்னது.
சாயங்காலத்துக்குள் மூன்று குடும்பங்கள் வந்துவிட்டன.
மூன்று வீட்டுக்கும் அதே எழுத்து,
மூன்று வீட்டிலும் அதே கரண்டி, ஒன்று குறைய.
எந்தக் காலத்திலோ ஒரே வியாபாரி
மூவரிடமும் விற்றுவிட்டுப் போயிருக்க வேண்டும்.
துணியில் சுருட்டிக் கொண்டுவந்ததை மேசையில் பரப்பினார்கள்.
தபால் தராசில் எடை பார்த்தார்கள்.
பீட்டர்னெல்லா குரலை உயர்த்தினாள்.
யோப்சே கதவை அறைந்துவிட்டுப் போனார்,
தொப்பியை மறந்து திரும்பி வந்தார்.

அதற்குள் யாரோ காபி போட்டிருந்தார்கள்.
சர்க்கரை கலக்க
கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டோம்.
தண்ணீர் ஏறிய இரவில்
பன்றியை மாடிக்குத் தூக்கிய கதையை யோப்சே சொன்னார்.
பீட்டர்னெல்லா சிரித்ததில் புரையேறியது.

எல்லாவற்றையும் கழுவித் துடைத்து
வரிசையாக வைத்த பிறகுதான் பார்த்தேன்:
லீட்ஸிலிருந்து வந்தது எது?

யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஆளுக்கு எண்ணி எடுத்துக்கொண்டார்கள்.
மிஞ்சியது ஒன்று.

மண் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.
உப்புக் காற்றில் வெள்ளி கறுக்கும், தெரியும்.
பொருள்: கரண்டி. உலோகம்: வெள்ளி.
‘உரிமையாளர்’ கட்டத்தை மட்டும்
பென்சிலால் நிரப்பினேன்.