திபிலிசி, ஏழாம் மாடி

இறங்க இலவசம்.
ஏறத்தான் லிஃப்டுக்குப் பத்து தெத்ரி.

பால்கனியைக் கண்ணாடி போட்டு
அடைத்த நாளிலிருந்து
ஒன்றும் வெளியே போனதில்லை.
பிளம் சாஸ் வழித்த ஜாடிகள், எதற்கும் மூடி இல்லை.
பாதி ரேடியோ.
தெமூர் போனபோது
எடுத்துப்போகாத ஒரே பொருள்,
பனிச்சறுக்குக் கட்டைகள்.

லமாரா பதினான்கு முறை இறங்கினாள்.
பதினான்கு முறையும்
வெறுங்கையாய் ஏறக் காசு போட்டாள்.

கடைசி நடையில்
லிஃப்டுக்குள் மூன்றாம் மாடி நுக்ஸார்,
தோளில் அதே கட்டைகள்.
"எந்தப் புண்ணியவானோ எறிஞ்சிருக்கான்,
புதுசு மாதிரி இருக்கு!"
அவருக்கும் சேர்த்து
அவளே காசு போட்டாள்.

பால்கனியில் இப்போது கால் நீட்டலாம்.
நீட்டினாள்.

எதிர் ஜன்னல் குழந்தை கையசைத்தது.
எத்தனை நாளாய் அசைக்கிறதோ.