இருபது கிராம்

நியூகாசிலிலிருந்து பழுப்பு உறை வந்துவிட்டது.
உயிரோடு இருக்கிறீர்களா என்று
மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்கள்.
ஆமாம் என்று நானே எழுதினால் செல்லாது.
இன்னொருவர் கண்ணால் பார்த்துச் சொல்லவேண்டும்.
நான் சொன்னால் அது
என் சொந்தக் கருத்தாகிவிடும் போல.

ஏப்ரல் மாதம்.
பிரப் ரோட்டில் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிறது.
ஈரோட்டில் இந்த வெயிலிலும்
உறைந்து கிடக்கிறது
வாரத்துக்கு எழுபத்தேழு பவுண்டு நாற்பத்தைந்து பென்ஸ்.
இரண்டாயிரத்து மூன்றில் கடல் தாண்டி வந்தபோது
எப்படி இருந்ததோ அப்படியே,
ஐஸ் பெட்டி மீன்போல
கண்ணைத் திறந்துகொண்டு.

வுல்வர்ஹாம்டனில் ஒரே வார்டில் நாங்கள் மூன்று பேர்.
இரவுப்பணி.
சம்பளமும் ஒன்று, பிடித்தமும் ஒன்று,
விடிகாலை நாலு மணிக்கு ஒரே கெட்டிலில் தேநீர்.
பெரில் அங்கேயே இருந்துவிட்டாள்.
லூர்தெஸ் செபு தீவுக்குப் போனாள்.
நான் ஈரோட்டுக்கு.
பெரிலுக்கு வருசா வருசம் ஏறியது.
லூர்தெஸுக்கும் ஏறுகிறது,
அவள் நாட்டோடு ஒப்பந்தம் உண்டாம்.
எங்களோடு இல்லையாம்.

'எங்களோடு' என்று எழுதும்போது பேனா நிற்கிறது.
என் பாஸ்போர்ட்டைப் பார்த்தால்
நானும் அவர்கள்தான்.

எதிர்வீட்டு மஞ்சள் வியாபாரி செங்கோடன்
பேப்பரை மடித்துக்கொண்டே சொல்கிறார்:
"பவுண்டு நூத்திப்பத்தைத் தாண்டிருச்சாமுங்க,
உங்களுக்கென்னுங்க!"
அவர் குடோனில் மூன்று வருசத்து விரலி மஞ்சள்
விலை வரட்டும் என்று மூட்டையில் தூங்குகிறது.
வரும், விழும், மறுபடி வரும்.
மண்டியில் கிழங்குக்குக்கூட
காலையில் ஒரு பேச்சு, மத்தியானம் ஒரு பேச்சு.
என்னை இருபத்திரண்டு வருசமாக
யாரும் ஏலத்தில் எடுக்கவே இல்லை.

சர்க்கரை மாத்திரையை
ஒன்றுவிட்டு ஒருநாள் என்று
எனக்கு நானே சீட்டு எழுதிக்கொண்டேன்.
இதே காரியத்துக்காக
முப்பத்தொரு வருசம் நோயாளிகளைத் திட்டியவள்.

போன கார்த்திகையில்
பெரிலின் அடக்கத்துக்குப் போயிருந்தேன்.
பத்தொன்பது நாள்.
அந்த மண்ணில் நிற்கும் நாட்களுக்கு மட்டும்
முழுத்தொகை தருவார்கள், அப்படி ஒரு விதி.
கறுப்புக் கோட்டைக் கழற்றாமலே
போன் செய்து கேட்டு வாங்கினேன், வெட்கமில்லாமல்.
திரும்பும்போது விமானம் மேலே ஏற ஏற
நான் பாதிக்கும் கீழே இறங்கினேன்.

கோர்ட்டுக்கு எதிரே நோட்டரி.
முதல் தடவை வந்தபோது இவர் அப்பா இருந்தார்,
ஐம்பது ரூபாய் வாங்கினார்,
மோர் கொடுத்தார்.
மகன் ஐந்நூறு கேட்கிறார்.
உயிரோடு இருப்பதற்கு இங்கே
பத்து மடங்கு ஏறியிருக்கிறது.
என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல்
'நேரில் கண்டேன்' என்பதன்மேல்
முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

உங்கள் நிலைமையில் மாற்றம் ஏதும் உண்டா
என்று ஒரு கட்டம்.
இரண்டு முழங்காலும் மாற்றியாயிற்று.
வலது கண்ணில் லென்ஸ்.
பெரில் இல்லை.
கட்டம் தீக்குச்சி அகலம்தான் இருந்தது.
இல்லை என்று எழுதினேன்:
தயாமணி சின்னப்பன், வயது எண்பத்திரண்டு.

தபாலாபீசில் மின்விசிறி சுற்றவில்லை.
தராசுக்கு அந்தப் பக்கம் புதுப்பெண்,
நெற்றியில் வேர்வையோடு திருநீறு.
"உள்ள என்னங்கம்மா?"
"ஆளுங்க, ஒண்ணு."
அவள் சிரிக்கவில்லை.
உறையைத் தட்டில் வைத்தாள்,
எண் நிற்கும்வரை பார்த்தாள்.
"இருபது கிராமுங்க."

போன வருசமும்
அவ்வளவுதான் இருந்தேன்.