இ. சொரிமுத்து என்கிற பெயரில்

வீரவநல்லூர் கிளையில் மேனேஜர்
திரையைத் திருப்பிக் காட்டவில்லை.
"சிபில் அடிவாங்கியிருக்கு அண்ணாச்சி" என்றார்,
பக்கத்து வீட்டுக் கூரை ஒழுகுவதைச் சொல்வதுபோல.
லோடு ஆட்டோவுக்குக் கேட்ட மூன்றேகால் லட்சம்
அந்த மேசையைத் தாண்டி வரவில்லை.
தண்ணீர் கேன் போடுகிறவன் நான்.
பிளாண்டுக்கு ஒரு நாள் பாக்கி வைத்ததில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை
காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாமாம்
அவரவர் அறிக்கையை.
எனக்கு நாற்பத்திரண்டு வயது. இதுதான் முதல் தடவை.
சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்டில்
முக்கூடல் வண்டியை இரண்டு தடவை விட்டுவிட்டு
போனை வெயிலுக்கு மறைத்துக்கொண்டு
பத்தொன்பது பக்கம் படித்தேன்.

கட்டம் கட்டமாய் மாதங்கள்.
ஒழுங்காய்க் கட்டிய மாதத்துக்கு மூன்று பூஜ்யம்.
பூஜ்யம் வாங்கினவன் நல்ல பையன் என்று
எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லவில்லை,
தெரிந்திருந்தால் அப்பாவிடம் அடி மிச்சம்.
பிறகு முப்பது. அறுபது. தொண்ணூறு.
ரூபாய் என்று நினைத்தேன்.
பத்தாம் பக்கத்தில்தான் புரிந்தது,
பிந்திப்போன நாட்கள்.

எனக்கு நான்கு விலாசம் இருந்தது.
ஒன்று என் வீடு. அதன் பழைய கதவு எண் இன்னொன்று.
மூன்றாவது கடையத்துக்குப் பக்கம்.
நான்காவது திருப்பூர், லைன் வீடு, மாடி.
நான் ஓட்டாத பைக்.
நான் பேசாத செல்போன், பத்துத் தவணை.

காரையாற்றில் ஆடி அமாவாசைக்குக் குடில் போட்டு
மொட்டையடித்த பிள்ளைகளில் எத்தனை சொரிமுத்து!
அப்பன்மாரில் எத்தனை இசக்கி!
பள்ளிக்கூடத்தில் சேர்க்கையில் பெரிய சார்
எல்லாருக்கும் ஒரே பிறந்தநாள் போட்டார்: ஜூன் ஒன்று.
கம்ப்யூட்டர் என்ன செய்யும், பாவம்.
அவன் கணக்கில் பான் எண் காலி.
அந்தக் காலியிடம் வழியாக
என் வீட்டுக்குள் வந்துவிட்டான்.

அவன் பைக்குக்குப் பதினான்கு மாதம்
பூஜ்யம் பூஜ்யமாய்க் கட்டியிருக்கிறான்.
பதினைந்தாவதில் என்னவோ நடந்திருக்கிறது.
மில் மூடினார்களா, கை போனதா,
அதற்குக் கட்டம் கிடையாது.
கடைசியில் ஒரு வரி:
வசூலாகாது என்று எழுதித் தள்ளியது.

மூன்று கணக்கில் டிக் அடித்தேன்:
என்னுடையதல்ல, என்னுடையதல்ல, என்னுடையதல்ல.
முப்பது நாள் என்றார்கள்.
இருபத்தெட்டாம் நாள், ரயில்வே கேட்டில் நிற்கையில் செய்தி வந்தது.
பைக் போயிற்று. செல்போன் போயிற்று.
மூன்றாவது மட்டும் போகவில்லை:
"நிறுவனம் சரிபார்த்தது. தகவல் சரியானதே."

பக்கம் பதினேழை மறுபடி திறந்தேன்.
பவர் டில்லர் கடன். அம்பாசமுத்திரம்.
என் பெயருக்கு எதிரே 'உத்தரவாதி.'
கேட் திறந்து பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.
மச்சினன் பொன்னையா.
அன்றைக்கு மத்தியானம் பரோட்டா வாங்கித் தந்தான்.
சால்னா விரல் காயும் முன்னே
பதினோரு இடத்தில் கையெழுத்து.
"சும்மா ஒரு சாட்சிக்குத்தான் அத்தான்."

இதை முப்பிடாதியிடம் எப்படிச் சொல்ல?
அவள் அண்ணன் தீபாவளிக்கு எடுத்துத் தந்த வேட்டியைத்தான்
அன்றைக்கும் கட்டியிருந்தேன்.

ராத்திரி தூக்கமில்லை.
கடையத்துக்காரனை நினைத்துக் கிடந்தேன்.
அவன் அறிக்கையில் இத்தனை நாள்
என் பூஜ்யங்கள் கொஞ்சம் கிடந்திருக்குமோ?
என் கேன் வண்டிக் கடன், நகைக்கடன்,
பிந்தாமல் கட்டியதெல்லாம்
அவனுக்கு முட்டுக் கொடுத்திருக்குமோ?
நான் போட்ட டிக்கில் அதுவும் உருவப்பட்டு
எந்தக் கிளையில் இப்போது
யார் திரையைத் திருப்பாமல் பேசுகிறார்களோ.
அவன் நம்பர் என்னிடம் இல்லை.
இருந்தாலும் என்ன பேசுவேன்,
"நான் சொரிமுத்து பேசுறேன்" என்றா?

இருபத்திரண்டாயிரத்து நானூறு, வட்டி தனி.
காலையில் கேன் இறக்கிவிட்டுப் பொன்னையா வீட்டுக்கு.
பக்கம் பதினேழை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து
சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.
வேர்வையில் நனையாமல் இருக்க,
பால் கவரில் சுற்றி.