பதினான்காம் தடையருகே

காலை ஆறே முக்கால். கிராஞ்சி.
வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டுமாம்.
வெயிலோ எங்களுக்கு முன்பே வந்து
புல்லுக்கடியில் படுத்திருக்கிறது.

எனக்கொரு மடக்கு நாற்காலி, ஒரு விசில்,
கட்டம் போட்ட தாள்.
டெரிக் கோவுக்கு நிறுத்துக்கடிகாரம்.
இருவருக்கும் சேர்த்து ஒரு தடை:
மரத்துண்டைத் தாண்டித் தண்ணீரில் இறங்கி
நான்கு பாய்ச்சலில் கரையேறி
கதவகலம்கூட இல்லாத புதரொன்றைத் தாண்ட வேண்டும்.
சிவப்புக் கொடி வலப்பக்கம், வெள்ளை இடப்பக்கம்.
நடுவே போனால் சரி.

பார்க்கத்தான் வந்தேன். பார்ப்பது கொஞ்சம்.
ஆறு கிலோமீட்டர் ஓடும் குதிரையில்
எனக்குக் கிடைப்பது பதினொரு விநாடி.
மிச்சமெல்லாம் வாக்கிடாக்கியில் ஃபௌசியாவின் குரல்:
இருபத்தெட்டு, பன்னிரண்டில் கிளியர்.
இருபத்தெட்டு, பதின்மூன்றில் கிளியர்.
அப்புறம் காதுதான்.
முதலில் நிலம் சொல்லும், நாற்காலிக் கால் வழியாக.
அடுத்து மூச்சு,
பாய்ச்சலுக்கு ஒன்றாக,
யாரோ ஈரத்துணி உதறுவதுபோல.
அதற்கும் பிறகே குதிரை.

மரத்துண்டின்மேல் ஒரு கணம்
யோசிப்பதுபோல் இருக்கும்.
யோசிப்பதில்லை.
யோசித்தவை நின்றுவிடுகின்றன;
சற்றுமுன் ஒன்று அப்படி நின்றது,
சவாரிக்காரர் மட்டும் போய்ச் சேர்ந்தார்.
இடுப்பளவு தண்ணீரில் எழுந்து
தொப்பியைத் தொட்டு எங்களுக்கு வணக்கம் வைத்தார்.

வாரநாளில் பாசிர் பாஞ்சாங்கில்
கொள்கலன் எண்ணும் கை இது.
சரிக்குறி போட்டே பழகியது.
கொள்கலன் எதுவும் இதுவரை
என்மேல் மூச்சு விட்டதில்லை.

எட்டரைக்கு ஓர் உடும்பு வந்தது.
தண்ணீரிலிருந்து ஏறி
அவசரமே இல்லாமல்
சிவப்பு வலமாக, வெள்ளை இடமாக
புதரடியில் நுழைந்து போனது.
"கிளியர்," என்றார் டெரிக்.
"நாற்பத்திரண்டு விநாடி."
கோப்பிப் பையின் உறிஞ்சுகுழல் வாயிலிருந்து நழுவ
இருவரும் சிரித்தோம்.

பத்து மணிக்கு ஜோகூர்ப் பக்கம் கறுத்தது.
நாற்பத்தொன்று, பதின்மூன்றில் கிளியர்.

நிலம் ஒன்றும் சொல்லவில்லை.

மேம்பாலத்தில் எம்ஆர்டி போனது,
சன்னல்கள் நிறைய யாருடைய ஞாயிற்றுக்கிழமையோ.
டெரிக் எழுந்து நின்றார்.
விசில் என் பல்லில் தட்டியது.
"பதினான்கு, வந்துவிட்டதா?"
இல்லை, என்றேன்.
அன்று காலை நான் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கவில்லை.

அங்சானா மரத்தைச் சுற்றி
நடந்து வந்தது சாம்பல் குதிரை.
நடந்து.
கடிவாளம் தளர்ந்து தொங்க,
நான்கு காலும் நன்றாகவே இருக்க.
நேற்றிரவுப் பட்டியலில் இரண்டாம் இடம் அது.
சவாரிக்காரி இறங்கி, வார்ப்பட்டையைத் தளர்த்தி,
தலைக்கவசத்தால் தண்ணீர் மொண்டு
அதன் கழுத்தில் ஊற்றினாள். மறுபடி ஊற்றினாள்.
அவள் மணிக்கட்டில் கடிகாரம்
நிமிடத்துக்கொரு முறை கீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

அடிபட்டதா, என்று கேட்டேன்.
"இல்லை. இன்னும் தாண்டுவான்.
கேட்டால் தாண்டுவான்.
அதனால்தான் கேட்கவில்லை."
என்னிடம் சொன்னாளா குதிரையிடமா தெரியவில்லை.
அதன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
எண்ணத் தொடங்கி, தப்பவிட்டு,
மறுபடி முதலிலிருந்து.

கொடிகளுக்கு வெளியே நடத்திப் போனாள்.
ஈர மண்ணில் இரண்டு பேரின் தடம்.
தாளில் அதற்கொரு குறி உண்டு:
விலகல்.
எழுதினேன். பேனா வியர்வையில் வழுக்கியது.

முதல் துளி தாளின்மேல் விழுந்தது.
மின்னல் எச்சரிக்கை, எல்லாரும் நிறுத்துங்கள்,
நாற்பத்திரண்டு புறப்பட்டாயிற்று, அதையும் நிறுத்துங்கள்,
என்று ஃபௌசியா அடுக்கிக்கொண்டே போனாள்.

நாற்காலிக் கால் அதிர்ந்தது.
இடியோ, நாற்பத்திரண்டோ.
கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
பின்னால் டெரிக்,
கையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தோடு.