எண்ணெய் சூடேறும்வரை

கூர் என்பது ஊரின் பெயர்.
ஜனவரியில் அதுவே காற்றின் குணமும்.
காலை ஐந்து ஐம்பது, மைனஸ் பதினொன்று.
கராஜின் இரும்புக் கதவை மேலே தள்ளுகிறேன்.
உள்ளே சாம்பல் வெள்ளியில் படுத்திருக்கின்றன
யாரோ ஒருவருடைய
ஐந்நூற்றுப் பத்துக் குதிரைகள்.

சாவியில் ரேட்டோ ஒட்டிவிட்ட மஞ்சள் துண்டு:
"மதியத்துக்குள் சில்வாப்லானா.
ஒரு கீறல் விழுந்தாலும்
உன் ஆறு மாதச் சம்பளம், நிரோஜினி."
கீழே ஒரு சிரித்த முகம்.
சிரிப்பு மட்டும் வேறு பேனா.

முடுக்கினேன்.
ஒரு இருமல், ஒரு உறுமல்,
மூன்றாம் மாடியில் ஒரு விளக்கு. மன்னிக்க.

விலைப் புத்தகத்தில் எழுதாத ஒன்று:
முதல் இருபது நிமிடம் இது ஒரு நோயாளி.
கியர் விழ மாட்டேன் என்கிறது.
டயர், குளிர்கால டயர்தான், நானே மாட்டியது,
கல்லாய் இறுகித்
தரையை நம்ப மறுக்கிறது.
எண்ணெய் முள் தொண்ணூறைத் தொடும்வரை
மூவாயிரம் சுற்றுக்கு மேல் மிதிக்கக் கூடாது.
காத்திருக்கத் தெரியாதவர்கள் வாங்கும் வண்டி
பொறு, பொறு என்கிறது.

தீஃபென்காஸ்டலில் முன்னால் வந்து சேர்ந்தது
மஞ்சள் தபால் பஸ்.
அதன் பின்னால் நாற்பதில்
செக்குமாடாய் என் குதிரைகள்.
பின் கண்ணாடியில் ஒரு பையன்
முந்து, முந்து என்று கை காட்டினான்.
மாட்டேன் என்று தலையசைத்தேன்.
இவ்வளவு பெரிய ஏமாற்றத்தை
நான் யாருக்கும் கொடுத்ததில்லை.
சாவோஞினில் பஸ் ஒதுங்கி வழிவிட்டது.
ஓட்டுநர் இரண்டு விரல் உயர்த்தினார்,
பரிவோ, பகிடியோ.

மார்மொரேரா அணைக்கு மேலே
நிழலுக்குள் திரும்பும் இடது வளைவு.
ஏரி உறைந்து, அதன்மேல் பனி;
எது கரை என்று கேட்க ஆளில்லை.
தார் கறுப்பாகத்தான் இருந்தது.
வெள்ளையைக் கண்டு பயப்பட எல்லோருக்கும் தெரியும்.
கறுப்புப் பனி
ஈரத் தாராய் நடிக்கும்.

பின்பக்கம் போனது.

சத்தமில்லை.
இடுப்புக்குத்தான் முதலில் தெரிந்தது,
அடியில் யாரோ பாயை இழுத்ததுபோல.
ஆனைக்கும் அடி சறுக்கும், சரி,
ஆனைக்கு விலைச்சீட்டு இல்லையே.
கால் பிரேக்கைத் தேடியது. விடவில்லை.
தூங்கிய பிள்ளையின் தலைக்கடியிலிருந்து
கையை உருவுவதுபோலப்
பாதத்தை மிதியிலிருந்து உருவினேன்.
கண்ணைப் பள்ளத்துக்குக் கொடுக்கவில்லை.
சாலை போகிற பக்கம் கண்,
கண் போன பக்கம் கை.
வலப்புறம் கம்பித் தடுப்பு
ரயில் மேடையில் விட்டுவந்த முகமாய்
மெல்லக் கடந்து போனது.
எங்கோ ஒரு பருக்கை உப்பு
டயருக்கு அகப்பட்டது.
வண்டி நேரானது.

அதற்குப் பிறகுதான் திட்டினேன்,
அம்மாவுக்கு முன்னால் பேச முடியாத தமிழில்.
முள் தொண்ணூற்று இரண்டு காட்டியது.

பிவியோ தாண்டியதும் வெயில்.
கணவாய் உச்சியில் உரோமானியர் விட்டுப்போன
இரண்டு மொட்டைத் தூண்கள், தலையில் பனி.
அதற்கு அப்பால் ஒரு நேர்த்துண்டுப் பாதை,
காய்ந்து, உப்பு வெளுத்து, ஈ காக்கை இல்லாமல்.
இரண்டாம் கியர்.
எவ்வளவு என்று எழுத மாட்டேன்,
கீறல் கணக்கில் அது வராது.
முதுகு இருக்கைக்குள் புதைந்தது.
மலை ஒருமுறை எனக்குப் பின்னால் போனது.
நாலு நொடி. போதும் என்று விட்டேன்.
போதவில்லை.

சில்வாப்லானாவில் கம்பளிச் செருப்போடு
வந்து பார்த்தார் திரு. அம்ரைன்.
வண்டியை ஒரு சுற்று வந்து
உப்புக் கறையில் விரல் வைத்து முகர்ந்தார்.
"எப்படி ஓடியது?"
"அமைதியாக."
அவருக்கும் ஏமாற்றம்தான்.
உறை போர்த்தினார்கள். இனி ஏப்ரலில் திறப்பார்களாம்.

திரும்ப நான் தபால் பஸ்ஸில்.
அதே ஓட்டுநர். என்னைத் தெரியவில்லை.
ஹீட்டர் சூட்டில் கண் சொருகியது.
அணைக்கு மேலே அந்த வளைவு வந்தபோது
இருக்கைக்கு அடியில்
என் வலது பாதம்
தானாகவே, மெதுவாக,
தரையை விட்டு எழுந்தது.