நூற்றுக்குப் பதினெட்டு ஈரம்

மயூரதி பாடி அனுப்பியது
உடுப்பு அலுமாரிக்குள் நின்று.
இருபுறமும் குளிர்ச் சட்டைகள், வாத்திறகு அடைத்தவை.
மூச்சுக்கூடச் சுவரைத் தொடமுன்
பஞ்சுக்குள் போய்விட்டது.
குரல் அப்படியே என் காதுக்குள்:
உதடு பிரிகிற சத்தம், எச்சில் விழுங்கியது,
மூன்றாவது வரியில் ஹீட்டர் தொடங்கியது.

‘அக்கா, கொஞ்சம் பெரிசாக் கேக்க வேணும்.’
பெரிசு என்றால்?
‘தெரியேல்ல. நான் தனிய நிக்கிற மாதிரி.
ஆனா அலுமாரிக்குள்ள இல்ல.’

ரிவெர்ப் பிளகினைத் திறந்தேன்.
தேவாலயம் ஒன்று கிடந்தது, நாற்பது டொலருக்கு வாங்கியது.
அதற்குள் விட்டேன். யாருடையதோ
செத்தவீட்டில் பாடினாள்.
கச்சேரி மண்டபம்: இவ்வளவு பெரிய இடத்தில்
ஒருவர்கூட இருமவில்லை, நம்ப முடியவில்லை.
இரும்புத் தகடு, சுருள்வில், குகை,
யாரோ எங்கோ அளந்த இடங்கள்.
எதிலும் அவள் விருந்தாளி.

தேய்வு நேரம் என்று ஒரு குமிழ்,
பிறைக்குச் சொல்வதுபோல.
அதற்குப் பக்கத்தில் இன்னொன்று:
ஒரு கோடியில் உலர்வு, மறு கோடியில் ஈரம்.
நெஞ்சுக்குச் சொல்கிற அதே ஈரம்.
இவ்வளவு போதுமா, இவ்வளவு போதுமா என்று
இரவு ஒரு மணிக்குக் குமிழைக் கேட்டுக்கொண்டிருப்பது
என் தொழில்.

கடைசியில் பலூன் ஒன்றை ஊதினேன்.
வினிபெக்கில் ஜனவரி, வெளியே
சைபருக்குக் கீழே முப்பத்தொன்று.
எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில்
உப்புக்கறை படிந்த கார்கள், நடுவில்
முக்காலியும் மைக்கும் நானும் ஊசியும்.
குத்தினேன்.

வெடிப்பு ஒரு கணம்தான்.
மிச்சமெல்லாம் கொங்கிரீட்.
தூணுக்குத் தூண் கைமாறி
சரிவுப்பாதையில் ஏறி, இரும்புக் கதவில் மோதி,
போகவும் மனமில்லாமல்
நிற்கவும் இடமில்லாமல்
நான்கு விநாடி.

இரண்டாவது விநாடியில்
சாவிக்கொத்து.

எர்னெஸ்டோ. இரவுக் காவல்.
மின்தூக்கி வாசலில் நின்றவர் துள்ளியதில் குலுங்கியது.
துப்பாக்கி என்று நினைத்தாராம்.
கிழிந்த ரப்பரைக் காட்டினேன்.
இந்த இடத்தின் சத்தத்தை எடுக்கிறேன் என்றேன்.
இடத்துக்கு என்ன சத்தம் என்றார்.
ஹெட்போனைக் கொடுத்தேன்.
தொப்பியைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொண்டார்.
நான்கு விநாடி கண்ணை மூடி நின்றார்.
ஆறு வருடமாக இங்கே நடக்கிறாராம்,
இது இப்படி என்று தெரியாதாம்.
மறுபடி போடச் சொன்னார்.
மறுபடி.
இன்னொரு பலூன் என்னிடம் இருக்கவில்லை.

மேலே வந்து அந்த நான்கு விநாடியைப்
பிளகினுக்குள் போட்டேன், மயூரதியை அதற்குள் அனுப்பினேன்.
தூண்கள் பழக்கப்பட்டவை போல அவளை ஏந்தின.
ஆனால் இடம் ஒன்றை இப்படி எடுத்தால்
அங்கே நடந்ததும் கூடவே வரும்.
அவள் சொல்லுகிற ஒவ்வொரு சொல்லுக்கும்
இரண்டு விநாடி பின்னால்
அவள் குரலாலேயே செய்த
சாவிக்கொத்து ஒன்று குலுங்கியது.
‘வா’ என்றாலும் குலுங்கும்,
‘வராதே’ என்றாலும்.

வெட்டிப் பார்த்தேன்.
சுத்தமாக இருந்தது, கழுவித் துடைத்து
வாடகைக்கு விட்ட வீடுபோல.
அவள் கேட்டதும் அதுதானே, தனியே நிற்பது.
கொஞ்ச நேரம் கையை எடுத்து வைத்திருந்தேன்.

பிறகு வெட்டியதைத் திரும்ப ஒட்டினேன்.
வாய்க்கும் முதல் சுவருக்கும் நடுவில்
நாலைந்து எட்டு இடைவெளி.
ஈரம், நூற்றுக்குப் பதினெட்டு.
அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

விடிய முன்னமே பதில்:
‘நல்லாயிருக்கு அக்கா.
ரெண்டாம் சரணம் முடியேக்க
ஆரோ வெளியில நிண்டு
கதவு திறக்கிற மாதிரிக் கிடக்கு.
அதைக் கொஞ்சம்
கூட்ட ஏலுமே?’