காவலாளி மூன்று

போலந்துக்காரனுக்கு ஒரு வாயிற்காவலன் வேணும்.
"யாரது?" என்று அவன் கேட்பதற்கு
நாற்பது விதம் வேணும், வெள்ளிக்கிழமைக்குள்.
சொல்லுக்கு ஆறு சதம், டொலரில்.
கேள்விக்குறிக்குக் காசில்லை.

பெயர் வைக்கலாமா என்று கேட்டேன்.
வேண்டாம், அவன் காவலாளி மூன்று,
பாதிக் கதையில் ஆட்டக்காரன் அவனைக் கொன்றுவிடுவான்,
கொல்லாமலும் போகலாம்,
இரண்டுக்கும் எழுதிவையுங்கள் என்றான்.

இதுதான் வேலை.
ஒருவரும் நடக்காமல் விடக்கூடிய தெருக்களுக்கும்
லைட் போட்டு வைப்பது.
சந்திக்குச் சந்தி நாலு பதில் எழுதுகிறேன்.
ஒன்றை அமுக்குவார்கள்.
மற்ற மூன்றும் உள்ளேயே கிடக்கும்,
ஆனால் பில்லில் சேரும், அதனால் குறையில்லை.

உவர்மலையில் வாடகை அறை.
ஜன்னலால் உட்துறைமுகத்தில் ஒரு துண்டு தெரியும்,
அதில் இன்றைக்கு ஒரு சீமெந்துக் கப்பல்.
மேசையில் ஐந்தாம் காட்சி, எட்டாம் கிளை,
சொதி காய்ந்த லஞ்ச் சீற்.

வங்கியில் றிஸ்மினா படிவத்தைத் திருப்பித் தந்தாள்.
தொழில் என்ற இடத்தில் நான் எழுதியது
அவளுடைய கொம்பியூட்டரில் இல்லையாம்.
"ரீச்சர் எண்டு போடட்டா?"
"இல்லை."
"கிளார்க்?"
பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.
"அப்ப என்னதான் எழுதுவீங்க?"
"வாசலில நிக்கிறவன் என்ன சொல்லுவான் எண்டு."
நிமிர்ந்து ஒருமுறை பார்த்தாள்.
ஏனையவை என்பதை அமுக்கினாள்.

முதல் இருபதும் தண்ணீராய் வந்தன.
நில். முகத்தைக் காட்டு. காற்றுத்தானா.
இந்த நேரத்தில் யார். திரும்பவும் நீயா.
முப்பத்திரண்டில் முட்டிக்கொண்டு நின்றேன்,
பஸ் நிலையச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு
வழி தெரியாமல் நிற்குமே புள்ளிமான்,
அப்படி.

அப்போதுதான் அவன் வந்தான்.
அனுராதபுரச் சந்தி, எனக்குப் பதினாலு வயது,
சைக்கிளை உருட்டித்தான் கடக்கவேண்டும்.
அவனிடம் இருந்த தமிழ் ஐந்து சொல்.
நில், இறங்கு, பை, திற, போ.
ஒருநாள் மழையில் ஆறாவதொன்றை
எவரிடமோ கற்றுக்கொண்டு வந்திருந்தான்:
சாப்பிட்டாச்சா?

பையைத் திறந்தபடி நின்றேன்.
கொப்பிகள் நனைந்தன.
எந்தப் பதிலை அமுக்குவதென்று தெரியவில்லை.
இன்றைக்கும் தெரியாது.

நாற்பத்தோராவது வரியாய் அதை அனுப்பினேன்.
பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை என்று வந்தது,
ஆட்டக்காரர் குழம்புவார்களாம்.
மூன்று மின்னஞ்சல் சண்டை பிடித்தேன்,
அந்தச் சொற்களுக்கும் காசில்லை.
கடைசியில் இறங்கிவந்தான்:
வாசலில் ஒன்பது நிமிடம் அசையாமல் நின்றால் மட்டும்
கேட்கட்டும்.

ஆட்டத்தில் எவர் நிற்கிறார் ஒன்பது நிமிடம்?
மா ஆலையில் இரவு வேலை முடித்து வரும் துவாரகன்
என் வரிகளைத் தட்டித் தட்டித் தாண்டுகிறான்.
"என்னக்கா, கதைச்சுக்கொண்டே நிக்கிறாங்கள்."
அவனுக்குச் சம்பளம் இருபத்தைந்தாம் திகதி.
எனக்கு, அவர்களுக்கு ஞாபகம் வரும் திகதி.

நேற்றிரவு நானே போய் நின்றேன்.
திரைக்குள் பனி கொட்டியது,
இங்கே மின்விசிறி சுடுகாற்றை அரைத்தது.
காவலாளி மூன்று ஈட்டியைக் கைமாற்றினான்.
இருமினான். அந்த இருமலும் நான் எழுதியது.
என் நிழலைப் பார்த்தான், பார்க்காததுபோல் விட்டான்.
எட்டாவது நிமிடத்தில் கரண்ட் போனது.

இருட்டுக்குள் கணக்குப் பார்த்தேன்.
ஆங்கிலத்தில் மூன்று சொல், பதினெட்டுச் சதம்,
எங்கட காசுக்கு ஐம்பது ரூபாயும் சில்லறையும்.
மீன் சந்தைக்கு முன்னால் ஒரு பிளேன்ரீ குடிக்கலாம்.

கரண்ட் வரவில்லை.
கீழே கேற்றை ஏதோ முட்டியது,
மானாகத்தான் இருக்கும்,
இல்லாவிட்டால் திறப்பை மறந்துபோன துவாரகன்.
ஜன்னலால் எட்டி
"யாரது?" என்றேன்,
முப்பத்தேழாவது விதத்தில்.